உமாபதி கடைக் கண்ணாடியில் நடந்த போர்

தொலைவில் ஒரு போர் நடந்தது. அதில் தோற்றுக்கொண்டிருந்த நாடு ஜெயித்துக்கொண்டிருப்பதாக, மலேசியாவின் கோலா சிலாங்கூரில் உமாபதி அண்ணன் கடையில் முடி வெட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் மூன்று வாரம் நம்பினார்கள். டிவிக்காரன் பொய் சொல்லவில்லை. கடையின் அமைப்பு அப்படி.

எந்தப் போர், எந்த நாடுகள் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்களில் பாதிப் பேர் போரைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்துவிடுவீர்கள். நான் எழுத வந்தது முடி வெட்டுகிற ஒருவரைப் பற்றி. அதனால் வரைபடத்தில் இடது பக்கம் இருக்கும் நாட்டை இடது நாடு என்றும், வலது பக்கம் இருப்பதை வலது நாடு என்றும் வைத்துக்கொள்வோம். நான் பள்ளியில் படித்தது படிவம் நான்கில், அதாவது பத்தாம் வகுப்பில், பாதி வரை. இதற்கு மேல் பூகோளம் எனக்கு வராது.

உமாபதி அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பெஸ்தாரி ஜெயா பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். ரவாங்கில் ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் வேலை செய்தார். சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிறவர்களுக்கு முடி வெட்டிவிடுவார். ஒருநாள் சூப்பர்வைசர் தலையில் பாதி முடித்திருந்தபோது வேலைக்குத் திரும்பும் சங்கு ஊதிவிட்டது. சூப்பர்வைசர் பாதித் தலையோடு மீட்டிங்குக்குப் போனார். மிச்சப் பாதியை மறுநாள் வெட்டிவிட்டு, அண்ணன் வேலைக்கு முழுக்குப் போட்டார். பிறகு கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்வரிசையில் கடை திறந்தார். பதினெட்டு வருடமாக அதே கடை, அதே இரண்டு நாற்காலி.

முடி வெட்டுகிறவர்கள் வாயாடிகள் என்பார்கள். இவர் ஒரு தலைக்கு நாலு வார்த்தை செலவு செய்வார். "எப்படி?" "குனிங்க." "நிமிருங்க." "சரியா?" அவ்வளவுதான். பேச்சு முழுக்க நாற்காலியில் இருப்பவருடையது. அண்ணன் கேட்பார். கேட்பது அவருக்குப் பிடிக்கும் என்று நான் தெரிந்துகொண்டது பிற்பாடு.

கடையில் சுவர் நிறையக் கண்ணாடி. அந்தச் சுவரில் வேறு எதற்கும் இடமில்லை. அதனால் உலகக் கிண்ணப் பந்து விளையாட்டுக்காக வாங்கிய பெரிய டிவியைப் பின் சுவரில் மாட்டினார். காத்திருப்பவர்களின் பெஞ்சு டிவிக்குக் கீழே, கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கும். ஆக நாற்காலியில் இருப்பவரும் சரி, பெஞ்சில் இருப்பவரும் சரி, டிவியைக் கண்ணாடியில்தான் பார்ப்பார்கள். கழுத்தைத் திருப்பி நேராகப் பார்க்க யாருக்கும் சோம்பல். நாற்காலியில் இருப்பவர் திரும்பவும் முடியாது. காது போய்விடும்.

டிவியில் சத்தமும் கிடையாது. அந்த உலகக் கிண்ணத்தில் ஒரு கோலுக்கு நாற்காலியிலேயே துள்ளிய ஒருவருக்குக் கிருதா ஓரத்தில் அரை அங்குலம் கிழிந்தது. அன்றிலிருந்து கத்தி வெளியே இருக்கும்போது டிவி ஊமை. ரேடியோவில் பழைய பாட்டு மட்டும் ஓடும். கண்ணாடியில் எழுத்து இடம் வலம் மாறித் தெரிவதால் டிவியில் ஓடும் வரிகளை யாரும் படிப்பதில்லை. படத்தை மட்டும் பார்ப்பார்கள்.

நான் அந்தப் பெஞ்சின் நிரந்தர உறுப்பினன். முடிக்காக இல்லை, வைஃபைக்காக. வைஃபை ரகசிய எண், அண்ணன் மகள் ஷர்மினியின் பிறந்த தேதி. ஊருக்கே தெரிந்த ரகசியம். 'மீசை எடுத்தால் தாடி இலவசம்' என்று கடை வாசலில் பலகை வைத்தது நான்தான். இரண்டு பேர் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அண்ணன் பேசாமல் இரண்டு பேருக்கும் செய்துவிட்டார்.

ஷர்மினி இடது நாட்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். நாலாவது வருடம். இங்கே இடம் கிடைக்கவில்லை, அங்கே கிடைத்தது. போர் தொடங்கிய அன்று அப்பாவுக்கு ஒரு படம் அனுப்பினார், கையால் வரைந்தது. "அப்பா, எங்க நாடு இடது பக்கம். சண்டை வலது ஓரத்துல. நான் இடது பக்கத்துல இந்தப் புள்ளி. ரொம்ப தூரம். பயப்படாதீங்க."

அண்ணன் அந்தப் படத்தைக் கண்ணாடியின் மூலையில் ஒட்டினார். வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எல்லோருக்கும் மனப்பாடம் ஆனது: இடது நம்ம பிள்ளை இருக்கிற நாடு, வலது எதிரி.

டிவியில் வரைபடம் தினமும் வரும். நடுவில் ஒரு தடித்த கோடு. அது நகரும். உண்மையில் வலது நாட்டுப் படை இடது நாட்டுக்குள் முன்னேறிக்கொண்டிருந்தது. கோடு வலமிருந்து இடமாகப் போனது. கண்ணாடியில் அதே கோடு இடமிருந்து வலமாகப் போனது.

"பார்த்தீங்களா, தள்ளுறாங்க!" என்றார் ஹபீபுல்லா பாய். பக்கத்துச் சாப்பாட்டுக் கடை அவருடையது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னால் சவரம் செய்துகொள்ள வருவார். போர் வந்த பிறகு தினமும் வந்தார். சவரம் செய்ய முகத்தில் முடி இருக்காது. சும்மா நுரை போடச் சொல்லி உட்கார்ந்திருப்பார்.

"நேத்து இங்க இருந்துச்சு, இன்னிக்கு பாரு எங்க போயிடுச்சு," என்றார் அப்பளசாமி. செம்பனைப் பழ லோரி ஓட்டுபவர். "இன்னும் ரெண்டு வாரம்லா. நம்ம ஆளுங்க அவனுங்க ஊருக்குள்ளயே பூந்துடுவாங்க."

"உமா, பிள்ளையைப் பத்தி கவலைப்படாதீரு. சண்டை அவ பக்கமே வராது. எதிர்ப்பக்கமா ஓடுது," என்றார் பாய்.

அண்ணன், "நிமிருங்க பாய்," என்றார்.

கோடு நன்றாக நகர்ந்த நாளில் பாய் தன் கடையிலிருந்து ஒரு தட்டு நிறைய தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், வரவழைப்பார். அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வலது நாட்டுப் படை இடது நாட்டில் எத்தனை கிலோமீட்டர் பிடித்தாலும் எங்களுக்கு ஓசியில் தே தாரிக்.

போன் இருக்கிறதே, உண்மை தெரியாதா என்று கேட்பீர்கள். போன் விசித்திரமான சாமான். இடது நாடு ஜெயிக்கிறது என்று நினைத்துக்கொண்டு தேடினால், இடது நாடு ஜெயிக்கிற வீடியோவாக எடுத்துக் கொடுக்கும். ஒன்றைப் பார்த்தால் அதே மாதிரி இருபது வரும். அப்பளசாமி மாமா கண்ணாடியில் பார்ப்பார், போனில் அதற்குத் தோதாகத் தேடுவார், கிடைத்ததை நாற்பது பேருக்கு அனுப்புவார். அந்த நாற்பது பேர் முடி வெட்ட வரும்போது கண்ணாடியில் பார்த்து, ஆமாம் சரிதான் என்பார்கள்.

பெரிய சாலையில் புதிதாக முடி வெட்டும் கடை ஒன்று இருக்கிறது. ஏர்கான் கடை. அங்கே டிவி கண்ணாடிக்கு மேலேயே இருக்கும். அங்கே போகிறவர்கள் கோட்டை நேராகப் பார்த்தார்கள். இடது நாடு தோற்கிறது என்றார்கள். இரண்டாவது வாரத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. அதை முதலில் கண்டுபிடித்தது மீன் மார்க்கெட்டில். பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் கொண்டுவரும் இருசப்பனோடு அப்பளசாமி மாமா மோதிக்கொண்டார்.

"ஓடுறது உங்க ஆளுங்கதான். நானே டிவியில பார்த்தேன்," என்றார் இருசப்பன்.

"நானும் டிவியிலதான் பார்த்தேன். உங்க வீட்டு டிவியில என்னா, கருவாடு வெச்சிருக்கீங்களா?"

"ஒரே சேனல்தான்லா!"

"ஒரே சேனல்னா எப்படி வேற மாதிரி தெரியும்?"

நான் கெளுத்தி மீன் வாங்க நின்றிருந்தேன். சும்மா இருக்க முடியாமல் இருசப்பனிடம் கேட்டேன்: "மாமா, நீங்க எங்க முடி வெட்டினீங்க?"

இருசப்பன் ஏர்கான் கடையின் பெயரைச் சொன்னார். பின்கழுத்தில் கோடு போட்டு வெட்டியிருந்தது. அண்ணன் கோடு போட மாட்டார். அன்று மார்க்கெட்டில் ஒவ்வொரு பின்கழுத்தாகப் பார்த்துக்கொண்டே போனேன். கோடு இருந்தால் வலது நாடு, இல்லாவிட்டால் இடது நாடு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

கடைக்கு ஓடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். கழுத்தைத் திருப்பி டிவியை நேராகப் பார்த்தேன். மறுபடி கண்ணாடி. எனக்கு வந்த சிரிப்பில் பாய் முகத்திலிருந்த கத்தியை அண்ணன் எடுத்துவிட்டார்.

"என்னா?" என்றார் பாய்.

"ஒண்ணுமில்ல பாய். ஒரு ஜோக் ஞாபகம் வந்துச்சு."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்படி ஒன்று தானாக வாய்ப்பது வாழ்க்கையில் ஒருமுறை. இதில் நான் எதுவுமே செய்யத் தேவையில்லை, உட்கார்ந்து பார்த்தால் போதும். ஐந்து நாள் பார்த்தேன். தே தாரிக்கும் குடித்தேன்.

ஆறாவது நாள், செவ்வாய்க்கிழமை, அண்ணன் பாய்க்கு நுரை பூசிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். ஷர்மினி.

"அப்பா, காலேஜ்ல பஸ் ஏற்பாடு பண்ணியிருக்காங்க. வெள்ளிக்கிழமை காலையில எல்லைக்குப் போகுது. இதுக்கப்புறம் பஸ் இருக்குமான்னு தெரியாது. ஆனா திங்கட்கிழமை பரீட்சை. பஸ்ல போனா இந்த வருஷம் போச்சு."

"மத்த பிள்ளைங்க?"

"பாதி பேர் போறாங்க, பாதி பேர் இருக்காங்க. இங்க டிவியில ஒண்ணும் பயமில்ல, நாம ஜெயிக்கிறோம்னுதான் சொல்றாங்க. ஹாஸ்டல் வார்டனும் அதான் சொல்றாங்க. அதை நம்புறதா வேணாமான்னு தெரியல. வெளிய இருந்து பார்க்கிற உங்களுக்குத்தான் சரியா தெரியும். என்னாப்பா சொல்றீங்க, போகவா, இருக்கவா?"

அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார். கோடு வலது பக்கம் நன்றாகப் போயிருந்தது. இடது பக்கத்துப் புள்ளிகள் நிம்மதியாக இருந்தன.

நுரைக்குள்ளிருந்து பாய் சத்தம் போட்டார்: "இருக்கச் சொல்லும், உமா! ஜெயிக்கிற நேரத்துல எவனாச்சும் ஓடுவானா? ஷர்மினி, நீ படி பிள்ள! இன்ஷா அல்லாஹ், ஒண்ணும் ஆகாது!"

"ஆமாலா," என்றார் பெஞ்சிலிருந்து அப்பளசாமி. "ஒரு வருஷம்னா சும்மாவா?"

அண்ணன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "இரும்மா. வியாழக்கிழமை சொல்றேன்," என்றார்.

பிரஷ்ஷை மறுபடி நுரையில் தோய்த்தார். எனக்கு அன்று தே தாரிக் இறங்கவில்லை. சர்க்கரை அதிகமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் செய்தது சேட்டைதான். அதில் வேறு எதையும் யாரும் தேட வேண்டாம்.

வியாழன் காலை வீட்டு டிவியில் ஓடிய செய்தியைப் போனில் எடுத்தேன். எட்டு நிமிடம். எடுத்த வீடியோவை இடம் வலமாகப் புரட்டிப் போட ஒரே ஒரு பொத்தான். பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பாய் நாற்காலியில், அப்பளசாமி மாமா என் பக்கத்தில். ஷர்மினியின் பிறந்த தேதி வழியாக உள்ளே நுழைந்து வீடியோவை டிவிக்கு அனுப்பினேன்.

கண்ணாடியில் முதன்முறையாக எழுத்துகள் நேராகத் தெரிந்தன.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. வரைபடம் வந்தது. கோடு நகர்ந்தது. இடது பக்கமாக.

"என்னாலா இது?" என்று அப்பளசாமி மாமா எழுந்தே விட்டார். "நேத்து அங்க இருந்துச்சு!"

"டிவிக்காரனை விலைக்கு வாங்கிட்டானுங்க," என்றார் பாய். "எனக்குத் தெரியும். பொழுது விடியறதுக்குள்ள ஒரு நாட்டையே எப்படிய்யா பிடிப்பான்? நெய்ச்சோறு வேகவே ஒரு மணி நேரம் ஆகுது!"

"சேனலை மாத்து உமா, இவன் பொய் சொல்றான்!" என்று கத்தினார் மாமா.

அண்ணன் சேனலை மாற்றவில்லை. கத்தியைப் பிடித்தபடி கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே சிவப்புப் பட்டையில் ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடியது. பாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். முதலில் ஒரு எண், நாற்பது. பிறகு கிலோமீட்டர். பிறகு ஒரு ஊரின் பெயர். பெயரைப் பாதி படித்ததும் நிறுத்திவிட்டார். ஷர்மினி இருக்கும் ஊர்.

ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாய் கையை நீட்டி அதை அணைத்தார்.

அண்ணன் கத்தியை மடக்கி வைத்தார். துண்டில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். போனை எடுத்தார். இம்முறை ஸ்பீக்கர் போடவில்லை. ஆனால் கடையில் இருந்த அமைதியில் எல்லாம் கேட்டது.

"ஷர்மினி. பஸ்ல ஏறிடு." "பரீட்சை கிடக்கட்டும்மா." "இல்ல, யாரும் சொல்லல, நானே பார்த்தேன்." "புத்தகம் வேணாம். பாஸ்போர்ட், குளிர்சட்டை, போன் சார்ஜர். அது போதும்." "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அது ஒரு வருடத்தில் அவர் பேசுகிற பேச்சு. ஒரே மூச்சில் பேசினார்.

பாய்க்கு மிச்சப் பாதியைச் சவரம் செய்து முடித்தார். பாய் தானே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இறங்கும்போது, "உமா, செவ்வாக்கிழமை நான் சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

"சரியா பாய்?" என்று அண்ணன் கண்ணாடியைக் காட்டினார்.

"சரி," என்று பாய் போய்விட்டார். அப்பளசாமி மாமாவும் லோரிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். நானும் நழுவப் பார்த்தேன்.

"உட்காரு," என்றார் அண்ணன். நாற்காலியைக் காட்டினார்.

"முடி வெட்ட வரலண்ணே."

"உட்காரு."

உட்கார்ந்தேன். துணியைக் கழுத்தில் கட்டினார், கொஞ்சம் இறுக்கமாகவே.

"நீதானே?"

"எதுண்ணே?"

மெஷினை எடுத்து என் இடது காதுக்கு மேல் வைத்தார். "இது எந்தப் பக்கம்?"

"இடது."

"கண்ணாடியில?"

நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

"பதினெட்டு வருஷமா கண்ணாடியைப் பார்த்துக் கிருதா வெட்டுறேன். எனக்கு எது இடது எது வலதுன்னு தெரியாதுன்னு நெனச்சியா? முதல் நாளே தெரியும்."

இது என் கணக்கில் இல்லாதது. ஒரு வாரமாக அந்தக் கடையில் உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

"அப்புறம் ஏண்ணே சொல்லல?"

மெஷினை ஓட்டிக்கொண்டே சொன்னார். "காலையில தரை கூட்டும்போது டிவியை நேராத்தான் பார்ப்பேன். துடைப்பத்தைப் போட்டுட்டு உட்கார்ந்துடுவேன். அப்புறம் ஆளுங்க வருவாங்க. ஒவ்வொருத்தரும் உட்கார்ந்து, உன் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, சண்டை அவ பக்கமே வராதுன்னு சொல்லுவாங்க. ஒரு நாளைக்குப் பதினஞ்சு பேர். பொய் இல்ல, நம்பித்தான் சொல்றாங்க. அதைக் கேட்டுக்கிட்டே இருந்தா சாயங்காலத்துக்குள்ள நானும் நம்பிடுவேன்." மெஷினை மறு காதுப் பக்கம் மாற்றினார். "எழுத்து வந்ததும் முடியல. ஊர் பேரைப் படிச்சிட்டாங்க இல்ல. இனிமே யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

துணியை உதறினார். கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டு காதுக்கு மேலும் முடி என்று ஒன்று இல்லை. நடுவில் மட்டும் பிளாஸ்டிக் துடைப்பம் மாதிரி கொஞ்சம் நின்றது.

"சரியா?" என்றார்.

"சரிண்ணே," என்றேன்.

வெள்ளிக்கிழமை அங்கே காலை ஆறு மணிக்குப் பஸ் கிளம்பியது. "ஏறிட்டேன்" என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சனிக்கிழமை முழுக்க ஒன்றும் இல்லை. அண்ணனின் மனைவி கங்கா அக்கா ஆரம்பப் பள்ளிக் கேண்டீனில் வேலை பார்ப்பவர். சனிக்கிழமை வீட்டில் இருக்க முடியாமல் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பெண்கள் வந்து உட்காரும் இடமில்லை அது. எல்லோரும் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள். நான் நின்றுகொண்டேன்.

டிவி அணைந்திருந்தது. விவரம் தெரியாமல் வந்த ஒருவர், "போடுங்கண்ணே, போர் என்னாச்சுன்னு பார்ப்போம்," என்றார்.

"டிவி ரிப்பேர்," என்றார் அப்பளசாமி மாமா, அண்ணனுக்கு முன்னால்.

பாய் தட்டு நிறைய தே தாரிக் அனுப்பினார். அன்று எந்தக் கோடும் நகரவில்லை. கங்கா அக்கா ஒரு குவளையைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார், ஆறி ஆடை படியும்வரை. அண்ணன் அன்று பதினான்கு தலை வெட்டினார். "எப்படி?" என்றுகூடக் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி. யாரும் குறை சொல்லவில்லை.

ஞாயிறு பகல் பன்னிரண்டரைக்குப் போனில் ஒரு குரல் பதிவு வந்தது. அண்ணன் போனை என்னிடம் நீட்ட, நான்தான் அழுத்தினேன்.

"அப்பா, எல்லை தாண்டிட்டோம். வழியில நெட் இல்ல. இங்க பள்ளிக்கூடத்துல படுக்க வெச்சிருக்காங்க. சூப் குடுத்தாங்க, உப்பே இல்ல. அம்மாகிட்ட சொல்லுங்க, குளிர்சட்டை எடுத்துட்டு வந்தேன்."

கங்கா அக்கா அதை ஏழு முறை கேட்டார். அண்ணன் ஒரு முறை கேட்டுவிட்டு, நாற்காலியில் பாதித் தலையோடு இருந்தவரிடம் போய், "குனிங்க," என்றார்.

பதினோரு நாள் கழித்து அந்தக் கோடு ஷர்மினி இருந்த புள்ளியைத் தாண்டியது. ஹாஸ்டலின் படம் ஒன்றைத் தோழி அனுப்பியிருந்தாராம். எனக்கும் காட்டினார்கள். ஜன்னல்கள் இல்லை, மூன்றாவது மாடியும் இல்லை. பரீட்சைக்காக அங்கே தங்கியவர்கள் கடைசியில் நடந்தே வெளியேறினார்கள் என்றார் ஷர்மினி. எல்லோருமா என்று அப்பளசாமி மாமா கேட்டார். ஷர்மினி போனை வாங்கி அந்தப் படத்தை மூடினார். மாமாவும் மறுபடி கேட்கவில்லை.

இதெல்லாம் ஷர்மினி வீடு வந்து சேர்ந்த பிறகு. அவர் வந்த அடுத்த வாரமே போர் நிறுத்தம் அறிவித்தார்கள். அன்று கடையில் டிவி போட்டோம். முதலில் இடது நாட்டுத் தலைநகரம். தெருவெல்லாம் கூட்டம், கொடி, வாண வேடிக்கை. நாங்கள் ஜெயித்தோம் என்கிறார்களாம். பிறகு வலது நாட்டுத் தலைநகரம். அங்கேயும் கூட்டம், கொடி, வாண வேடிக்கை. அவர்களும் ஜெயித்தார்களாம். கண்ணாடியில் பார்த்தேன், திரும்பி நேராகவும் பார்த்தேன். கொண்டாடுகிற கூட்டத்துக்கு மட்டும் இடம் வலம் கிடையாது. எப்படிப் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிறது.

"நான் அப்பவே சொல்லலியா? நம்ம நாடு ஜெயிக்கும்னு," என்றார் பாய். திரும்பி ஷர்மினியைப் பார்த்தார். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "என்னா பிள்ள, நீ நேர்ல இருந்தவ, நீ சொல்லு. ஜெயிச்சோம்தானே?"

"தெரியல பாய். நான் பஸ்ல இருந்தேன்."

"பஸ்ல இருந்தாலும் தெரியாமலா இருக்கும்?"

"பின்னாடி ஜன்னல்ல திரை போட்டிருந்தாங்க. முன்னாடி உட்கார்ந்தவரோட தலைதான் தெரிஞ்சுச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "முடி ரொம்ப மோசமா வெட்டியிருந்தாங்க."

பாய் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை, ஆனால் கத்தரியின் சத்தம் கொஞ்ச நேரம் நின்றிருந்தது.

பிறகு ஷர்மினி கண்ணாடியில் டிவியைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பி நேராகப் பார்த்தார். மறுபடி கண்ணாடி. தான் வரைந்து அனுப்பிய படம் கண்ணாடியின் மூலையில் இன்னும் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். நான் பார்த்த அதே வரிசையில் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. என்னைப் பார்த்தார், என் காதுக்கு மேலே இன்னும் சரியாக வளராத இடத்தையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். எழுந்துபோய்ப் படத்தைப் பிய்த்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

டிவியை இடம் மாற்ற முடியாது, வேறு சுவர் இல்லை. ஆனால் அண்ணன் ஒரு புது வழக்கம் வைத்திருக்கிறார். செய்தி நேரத்தில் யாராவது நாற்காலியில் உட்கார்ந்தால், நாற்காலியைச் சுழற்றி டிவிக்கு நேராக வைத்துவிடுகிறார். முதுகு கண்ணாடிக்கு. செய்தி நேராகத் தெரியும். ஆனால் தன் தலையில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

"உமா, என்னத்தைய்யா வெட்டுறீரு? எனக்குத் தெரியலியே," என்று பாய் கத்துவார்.

"செய்தியா, தலையா, ஒண்ணைப் பாருங்க பாய்."

இப்போது ஒரு தலைக்கு ஐந்தாறு வார்த்தை கூடியிருக்கிறது.

அப்பளசாமி மாமா செய்தியைத் தேர்ந்தெடுக்கிறார். பாய் இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு, தலையே போதும் என்று கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் முடி இன்னும் முழுசாக வளரவில்லை. வளர்ந்ததும் நான் எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.